கைவேலைப் பாடம்: குரோஷேப் புத்தகத்தின் சுருக்கக் குறிகளை வாசிக்கப் பழகுவோம்



சம்பளத் துண்டில் "ஈ.பி.எப்." என்று இருக்கிறது. அது ஊழியர் சேமலாப நிதி என்பது நம் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று எழுத்துத்தான். ஆனால் அதற்குள்ளே நம்முடைய வயசான காலத்துக் காசு இருக்கிறது. ஆங்கில எழுத்தாயிற்றே என்று யாரும் அதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

குரோஷேப் புத்தகத்தில் இருக்கிற எழுத்துக்களும் அப்படித்தான். நம் தோட்டங்களில் குரோஷே தெரிந்த கைகள் நிறைய இருக்கின்றன. பிள்ளைக்குத் தொப்பி, மேசை விரிப்பு, டீவி மேலே போடும் துணி, பாவாடைக் கரை என்று என்னவெல்லாமோ பின்னுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஒருவர் கையைப் பார்த்து மற்றவர் பழகியது. அச்சடித்த மாதிரித் தாள் ஒன்றை நீட்டினால், "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. ஏறக்குறைய இருபது குறிகள் தெரிந்தால் போதும். ஒவ்வொரு குறியும் உங்கள் கை ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையின் பெயர்தான்.

ஏன் இதைப் பழக வேண்டும்?

டவுன் கடைக்காரர் ஒருவர் ஆறு தட்டு விரிப்பு கேட்டு, மாதிரிக்கு ஒரு தாளையும் தருகிறார் என்று வையுங்கள். நூல் உங்கள் காசில் வாங்கியது. பின்னுகிற நேரமோ மலையால் வந்து, ராத்திரிச் சோறு ஆக்கி, பிள்ளைகள் படுத்த பிறகு கிடைக்கிற நேரம். அந்தத் தாளில் இரண்டே இரண்டு எழுத்தைப் பிழையாக வாசித்தால் விரிப்பு அளவில் பாதியாக நின்றுவிடும், அல்லது சட்டி மாதிரிக் குழிந்துவிடும். கடைக்காரர் எடுக்க மாட்டார். நூலும் போகும், தூக்கமும் போகும், அடுத்த ஓடரும் போகும்.

அயர்லாந்து நாட்டில் 1845 ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. அந்த வருடங்களில் அங்கே ஏழைக் குடும்பத்துப் பெண்கள் குரோஷே லேஸ் பின்னி விற்று வீட்டுக்குச் சோறு தேடினார்கள். சின்ன ஒரு கொக்கி ஊசி கஷ்ட காலத்தில் ஒரு குடும்பத்துக்குக் கை கொடுக்கும். ஆகவே இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

1. இந்தப் பாடத்தை வாசிக்கும் முறை

புத்தகத்தில் குறிகள் சின்ன ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே அவற்றை எழுத்துக் கூட்டி வாசிக்கிற மாதிரித் தமிழில் தந்திருக்கிறோம். ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். "டீ" என்று நெடிலில் எழுதியிருந்தால் அது டீக்கடை போர்டில் வருகிற முதல் ஆங்கில எழுத்து. "டி" என்று குறிலில் எழுதியிருந்தால் அது டொக்டர் என்பதன் முதல் எழுத்து. இரண்டும் வேறு வேறு. இதில் மாறினால் தையலே மாறிவிடும்.

இன்னொன்று. அம்மாவுக்குத் தையல் தெரியும், எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு எழுத்துத் தெரியும், தையல் தெரியாது. ஆகவே இரண்டு பேரும் ஒன்றாக உட்காருங்கள். பிள்ளை எழுத்தை வாசிக்கட்டும், அம்மாவின் கை செய்து காட்டட்டும். ஒரு வாரத்தில் இரண்டு பேருக்கும் இரண்டும் வந்துவிடும்.

2. ஆறு அடிப்படைக் குறிகள்

முதலில் பிரித்தானிய முறைப்படி பார்ப்போம்.

சீ.எச். – செயின், அதாவது சங்கிலி. ஊசியில் நூலைச் சுற்றி, இருக்கிற கண்ணிக்குள்ளால் இழுப்பது. "5 சீ.எச்." என்றால் ஐந்து சங்கிலி.

எஸ்.எஸ். – ஸ்லிப் ஸ்டிச். ஊசியைக் குத்தி, நூலைச் சுற்றி, ஒரே இழுப்பில் எல்லாவற்றுக்குள்ளாலும் இழுப்பது. இதற்கு உயரம் இல்லை. சுற்றை மூடுவதற்கும், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்வதற்கும்தான் அதிகம் வரும்.

டி.சீ. – டபுள் குரோஷே. ஊசியைக் குத்தி நூலை இழுத்தால் ஊசியில் 2 கண்ணி இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டுக்குள்ளாலும் இழுக்க வேண்டும். குட்டையான, இறுக்கமான தையல்.

எச்.டீ.ஆர். – ஹாப் ட்ரெபிள். முதலில் நூலைச் சுற்றிக்கொண்டு பிறகு குத்த வேண்டும். நூலை இழுத்ததும் ஊசியில் 3 கண்ணி. மறுபடி சுற்றி மூன்றுக்குள்ளாலும் ஒரே தடவையில் இழுக்க வேண்டும்.

டீ.ஆர். – ட்ரெபிள். இதுவும் நூலைச் சுற்றிக்கொண்டு குத்துவதுதான். ஊசியில் 3 கண்ணி. ஆனால் சுற்றி இரண்டுக்குள்ளால் ஒரு தடவை, மறுபடி சுற்றி மிச்சம் இரண்டுக்குள்ளால் ஒரு தடவை. விரிப்புகளில் அதிகம் வருவது இதுதான்.

டி.டீ.ஆர். – டபுள் ட்ரெபிள். நூலை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு குத்த வேண்டும்; ஊசியில் 4 கண்ணி. இரண்டு இரண்டாக மூன்று தடவை இழுத்து முடிக்க வேண்டும். ட்ரெபிளை விட உயரம்.

ஞாபகம் வைக்க ஒரு வழி: நூலை இழுத்தவுடன் ஊசியில் 2 கண்ணி இருந்தால் டபுள், 3 கண்ணி இருந்தால் ட்ரெபிள்.

3. ஒரே எழுத்து, இரண்டு நாடு

இதுதான் பாடத்தின் முக்கியமான இடம். பிரித்தானியப் புத்தகத்திலும் "டி.சீ." என்று இருக்கும், அமெரிக்கப் புத்தகத்திலும் "டி.சீ." என்று இருக்கும். எழுத்து ஒன்று, தையல் வேறு. அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் ஒரு படி தள்ளிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கீழே உள்ளதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தானிய டி.சீ. = அமெரிக்க எஸ்.சீ. (சிங்கிள் குரோஷே)
பிரித்தானிய எச்.டீ.ஆர். = அமெரிக்க எச்.டி.சீ. (ஹாப் டபுள்)
பிரித்தானிய டீ.ஆர். = அமெரிக்க டி.சீ. (டபுள்)
பிரித்தானிய டி.டீ.ஆர். = அமெரிக்க டீ.ஆர். (ட்ரெபிள்)
பிரித்தானிய எஸ்.எஸ். = அமெரிக்க எஸ்.எல். எஸ்.டீ. (ஸ்லிப் ஸ்டிச்)
சீ.எச். இரண்டிலும் ஒன்றுதான்.

அமெரிக்கப் பெயருக்கும் ஒரு ஞாபக வழி இருக்கிறது. நூலை இழுத்து எடுத்த பிறகு இரண்டு இரண்டாக எத்தனை தடவை இழுத்து முடிக்கிறோம் என்று எண்ணுங்கள். ஒரு தடவை என்றால் சிங்கிள், இரண்டு தடவை என்றால் டபுள், மூன்று தடவை என்றால் ட்ரெபிள்.

4. எந்த நாட்டுத் தாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சில புத்தகங்களில் முன்பக்கத்திலேயே எழுதியிருக்கும். இல்லாவிட்டால் இந்த அடையாளங்களைத் தேடுங்கள்.

(அ) தாளில் எங்கேயாவது "எஸ்.சீ." அல்லது "எச்.டி.சீ." வந்தால் அது அமெரிக்க முறை. "எச்.டீ.ஆர்." வந்தால் பிரித்தானிய முறை.

(ஆ) ஒரு தையலை விட்டுவிட்டுப் போ என்பதற்கு "மிஸ்" என்று இருந்தால் பெரும்பாலும் பிரித்தானிய முறை. "ஸ்கிப்" என்று இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க முறை.

(இ) "5 சீ.எச்." என்று எண்ணை முன்னால் எழுதுவது பிரித்தானிய வழக்கம். "சீ.எச். 5" என்று பின்னால் எழுதுவது அமெரிக்க வழக்கம்.

(ஈ) மேலே உள்ள எதுவும் அகப்படாவிட்டால் சங்கிலியை எண்ணுங்கள். வரி தொடங்கும்போது, அந்த வரியின் தையல் எவ்வளவு உயரமோ அந்த உயரத்துக்குச் சங்கிலி போட்டுத்தான் ஏற வேண்டும். குட்டையான தையலுக்கு 1 சங்கிலி, பிரித்தானிய எச்.டீ.ஆர். உயரத்துக்கு 2, டீ.ஆர். உயரத்துக்கு 3, டி.டீ.ஆர். உயரத்துக்கு 4. ஆகவே "3 சங்கிலி போடு, அது முதல் டி.சீ. ஆகும்" என்று தாள் சொன்னால், அங்கே டி.சீ. என்பது உயரமான தையல். அப்படியானால் அது அமெரிக்கத் தாள். 1 சங்கிலி போட்டு டி.சீ. தொடங்கச் சொன்னால் பிரித்தானியத் தாள்.

தாளில் எழுத்து அழிந்திருந்தாலும் இந்தச் சங்கிலிக் கணக்கு ஏமாற்றாது.

5. பிழையாக வாசித்தால் என்ன நடக்கும்?

அமெரிக்கத் தாளில் உள்ள டி.சீ.யைப் பிரித்தானிய டி.சீ. என்று நினைத்துப் பின்னினால், 30 வரி போட்டாலும் துணி பாதி உயரத்திலேயே நின்றுவிடும். பக்கவாட்டில் அளவு சரியாக இருக்கும். அதனால் முதல் சில வரிகளில் பிழை தெரியவே தெரியாது.

வட்ட விரிப்பில் இன்னும் மோசம். வட்டம் தட்டையாக இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் தையல் கூட வேண்டும். குட்டையான தையலுக்குச் சுற்றுக்கு ஏறக்குறைய 6, உயரமான ட்ரெபிளுக்குச் சுற்றுக்கு ஏறக்குறைய 12 என்பது கணக்கு. 12 கூட்டச் சொன்ன தாளைக் குட்டைத் தையலில் பின்னினால் ஓரம் அலை அலையாக மடியும். 6 கூட்டச் சொன்ன தாளை ட்ரெபிளில் பின்னினால் ஓரம் மேலெழும்பிக் கிண்ணம் மாதிரி ஆகும். அதை இஸ்திரி போட்டுச் சரிக்கட்ட முடியாது. ஆகவே விரிப்பு அலைந்தாலோ குழிந்தாலோ கையைக் குறை சொல்லுமுன் எந்த நாட்டுத் தாள் என்று ஒரு தடவை பாருங்கள்.

6. நட்சத்திரமும் அடைப்பும்

தாளில் சின்ன நட்சத்திரம் (*) வரும். திரும்பச் செய்ய வேண்டிய வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது என்று அதற்கு அர்த்தம். கொஞ்சம் தள்ளி "ரெப்" என்று வரும். அது ரிப்பீட் என்பதன் சுருக்கம். நட்சத்திரத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி செய் என்று பொருள்.

எண்ணிக்கையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "நட்சத்திரத்திலிருந்து 5 தடவை ரெப்" என்றால் மொத்தம் 6. ஏனென்றால் வாசித்துக்கொண்டு வரும்போதே ஒரு தடவை பின்னிவிட்டோம். அதற்குப் பிறகுதான் இன்னும் 5. ஆனால் அடைப்புக்குறிக்குள் ஒரு வேலையைப் போட்டு, அடைப்புக்கு வெளியே "6 தடவை" என்று எழுதியிருந்தால் மொத்தமே 6தான்.

அடைப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. "(2 டீ.ஆர்., 1 சீ.எச்., 2 டீ.ஆர்.) அடுத்த எஸ்.பி. இல்" என்று வந்தால், அடைப்புக்குள் உள்ள அத்தனையும் ஒரே இடைவெளிக்குள் போட வேண்டும். பூ மாதிரி விரிகிற இடங்களில் இப்படி வரும். சுற்றின் கடைசியில் அடைப்புக்குள் "(24 டீ.ஆர்.)" என்று மட்டும் இருந்தால், அது செய்ய வேண்டிய வேலை அல்ல. சுற்று முடிந்ததும் கையில் இருக்க வேண்டிய தொகை. அந்தத் தொகை சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும்.

7. மற்றச் சின்னக் குறிகள்

எஸ்.டீ. – ஸ்டிச், ஒரு தையல்.
எஸ்.பி. – ஸ்பேஸ், இரண்டு தையலுக்கு நடுவில் உள்ள இடைவெளி.
எல்.பி. – லூப், கண்ணி.
பெக் – பிகினிங், தொடக்கம்.
இன்க் – கூட்டு. ஒரே இடத்தில் இரண்டு தையல் போடுவது.
டெக் – குறை, தையலைக் குறைப்பது.
டொக் – ஒன்றாகச் சேர்த்து. "டி.சீ. 2 டொக்" என்றால் இரண்டு டி.சீ.யைத் தனித்தனியே தொடங்கி ஒன்றாக மூடுவது.
ஆர்.என்.டி. – ரவுண்ட், ஒரு சுற்று.
வை.ஆர்.எச். – ஊசியில் நூலைச் சுற்று. அமெரிக்கத் தாளில் இது வை.ஓ. என்று வரும்.
ஆர்.எஸ். – துணியின் நல்ல பக்கம். டபிள்யூ.எஸ். – பின்பக்கம்.

8. ஒரு விரிப்பை வாசித்துப் பார்ப்போம்

கீழே உள்ளது சின்ன வட்ட விரிப்பின் தொடக்கம். பிரித்தானிய முறை. ஊசியையும் நூலையும் கையில் எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

தொடக்கம்: 4 சீ.எச்., முதல் சங்கிலியில் எஸ்.எஸ். போட்டு வளையம் ஆக்கு.

1 ஆம் சுற்று: 3 சீ.எச்., வளையத்துக்குள் 11 டீ.ஆர்., எஸ்.எஸ். (12 டீ.ஆர்.)

இங்கே 11 ட்ரெபிள்தான் போட்டோம், ஆனால் தொகை 12. தொடக்கத்தில் ஏறிய 3 சங்கிலியும் ஒரு ட்ரெபிளாகக் கணக்கு. எஸ்.எஸ். போட வேண்டிய இடம் அந்த மூன்றாவது சங்கிலியின் தலை.

2 ஆம் சுற்று: 3 சீ.எச்., அதே இடத்தில் 1 டீ.ஆர்., * அடுத்த எஸ்.டீ. இல் 2 டீ.ஆர்., ரெப் * சுற்று முடியும்வரை, எஸ்.எஸ். (24 டீ.ஆர்.)

3 ஆம் சுற்று: 3 சீ.எச்., அடுத்த எஸ்.டீ. இல் 2 டீ.ஆர்., * அடுத்த எஸ்.டீ. இல் 1 டீ.ஆர்., அதற்கடுத்ததில் 2 டீ.ஆர்., ரெப் * சுற்று முடியும்வரை, எஸ்.எஸ். (36 டீ.ஆர்.)

4 ஆம் சுற்று: 3 சீ.எச்., அடுத்த எஸ்.டீ. இல் 1 டீ.ஆர்., அதற்கடுத்ததில் 2 டீ.ஆர்., * அடுத்த 2 எஸ்.டீ. இல் ஒவ்வொரு டீ.ஆர்., அதற்கடுத்ததில் 2 டீ.ஆர்., ரெப் * சுற்று முடியும்வரை, எஸ்.எஸ். (48 டீ.ஆர்.)

12, 24, 36, 48 என்று பன்னிரண்டு பன்னிரண்டாக ஏறுவதைப் பாருங்கள். முன்னே சொன்ன கணக்கு இதுதான். இந்த வரிசை தெரிந்தவருக்கு அடுத்த சுற்றைத் தாள் இல்லாமலே பின்னலாம்.

9. ஓடருக்குப் பின்னுமுன் செய்ய வேண்டியவை

போட்டோ கொப்பி எடுக்கும்போது மாதிரிப் பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். புத்தகத்தின் முன்பக்கத்தில் அல்லது கடைசியில் குறிகளின் பட்டியல் இருக்கும். அதையும் சேர்த்து எடுங்கள். போனில் யாராவது தாளைப் படம் பிடித்து அனுப்பினாலும் அந்தப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். போனில் வருகிறவற்றில் அமெரிக்க முறையும் நிறைய இருக்கிறது.

நூல் உருண்டையின் லேபலில் உள்ள எண்ணைப் பாருங்கள். எண் கூடக் கூட நூல் மெல்லிசு. 10 தடிப்பு, 40 மெல்லிசு. தாளில் சொன்ன எண்ணுக்குப் பதிலாக வேறு எண் நூல் வாங்கினால், தையல் சரியாக இருந்தாலும் அளவு மாறிவிடும்.

முழு ஓடருக்கும் நூல் வெட்டுமுன் ஒரு சின்ன மாதிரித் துண்டு பின்னி, அடிமட்டம் வைத்து அளந்து, தாளில் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். தாளில் "டென்ஷன்" அல்லது "கேஜ்" என்ற தலைப்பின் கீழ் அந்த அளவு இருக்கும். முதல் சொல் பிரித்தானியர் சொல், இரண்டாவது அமெரிக்கர் சொல். இதற்கு ஒரு மணித்தியாலம் போகும். ஆறு விரிப்பை அவிழ்ப்பதற்குப் போகிற நேரத்தோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அவிழ்த்த பருத்தி நூலில் பழைய மினுக்கமும் இருக்காது.

பயிற்சி

(1) ஒரு தாளில் "சீ.எச். 2, எச்.டி.சீ. 1" என்று இருக்கிறது. எந்த நாட்டு முறை?

(2) "* 1 டீ.ஆர்., 1 சீ.எச்., 1 எஸ்.டீ. மிஸ், ரெப் * 7 தடவை." மொத்தம் எத்தனை ட்ரெபிள் வரும்?

(3) அமெரிக்கத் தாளில் "டீ.ஆர்." என்று இருக்கிறது. பிரித்தானிய முறையில் அது எந்தத் தையல்?

(4) மேலே உள்ள விரிப்பில் 5 ஆம் சுற்று முடிந்ததும் எத்தனை ட்ரெபிள் இருக்க வேண்டும்? நட்சத்திரத்துக்குப் பிறகு என்ன எழுதியிருக்கும்?

விடைகள்: (1) அமெரிக்க முறை. (2) 8. (3) டி.டீ.ஆர். (4) 60. அடுத்த 3 எஸ்.டீ. இல் ஒவ்வொரு டீ.ஆர்., அதற்கடுத்ததில் 2 டீ.ஆர்.

நான்கும் சரியென்றால் உங்கள் கையில் எந்தத் தாளைத் தந்தாலும் பின்னலாம். ஒன்றிரண்டு பிழைத்திருந்தால் 3 ஆம், 6 ஆம் பகுதிகளை மறுபடி வாசியுங்கள். வாசிக்க முடியாத தாள் வீட்டில் யாரிடமாவது இருந்தால், பிள்ளை மடுவத்துக்கு வரும் நாளில் அதைக் கொண்டுவாருங்கள். ஊசியையும் நூலையும் மறக்காமல் எடுத்துவாருங்கள். பின்னிப் பார்த்துக்கொண்டே வாசிப்போம்.